குளிர்காலம் முடிந்து கிரீன்கள் பழுப்பாக வெளிவந்தால் முதலில் என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது. ஒன்பது குழி கொண்ட கோல்ஃப் மைதானம். கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிப் பந்தை உருட்டும் பரப்புகளில், பென்ட் கிராஸும் (நாம் விரும்பி விதைக்கும் மெல்லிய புல்) போவா அனுவாவும் (தானே புகுந்து பரவும் புல்) கலந்து வளர்கின்றன. பனி விலகியதும் நான்கு கிரீன்களில் பெரிய பழுப்புத் திட்டுகள் தெரிகின்றன. நிர்வாகக் குழுவில் ஒருவர் யூரியாவைத் தூக்கலாகப் போட்டால் பச்சை வந்துவிடும் என்கிறார். இன்னொருவர் உடனே துளையிட்டு மணல் போடச் சொல்கிறார். உறுப்பினர்கள் திறக்கும் தேதி கேட்கிறார்கள். எதில் தொடங்குவது? கூடவே ஒரு துணைக் கேள்வி: வெப்பப் பகுதிகளில் வளரும் பெர்முடா புல் மைதானங்களுக்கும் இதே வழிதானா?

இப்போதைக்கு யூரியா வேண்டாம், துளையும் வேண்டாம், தேதியும் அறிவிக்க வேண்டாம். ஒரு மண் வெப்பமானியும் ஒரு கப் கட்டரும் (கிரீனில் குழி வெட்டும் உருளைக் கருவி) எடுத்துக்கொண்டு கிரீனுக்குப் போங்கள். வசந்தத்தில் புல்லுக்கு நாம் செய்யும் கெடுதல்களில் பெரும்பாலானவை அவசரத்தில் நடப்பவை. காலண்டரில் மாதம் மாறிவிட்டது, வெயில் அடிக்கிறது, பக்கத்து மைதானம் திறந்துவிட்டது என்று மண் இன்னும் 5 டிகிரி செல்சியஸில் இருக்கும்போதே வேலையை ஆரம்பித்துவிடுகிறோம். வேர் எப்போது எழும், விதை எப்போது முளைக்கும் என்பதை மண்ணின் சூடுதான் முடிவு செய்கிறது. ஆகவே 5 சென்டிமீட்டர் ஆழத்தில், தினமும் ஒரே நேரத்தில், ஒவ்வொரு கிரீனிலும் வெயில் படும் இடம் ஒன்று, நிழல் இடம் ஒன்று என அளந்து எழுதி வையுங்கள். ஒரு நாள் அளவை நம்பாதீர்கள், நான்கைந்து நாள் சராசரியைப் பாருங்கள். ஒரே மைதானத்தில் இரண்டு கிரீன்களுக்கு இடையே இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். அந்த வித்தியாசம் ஒரு வாரத்தையே முன்னும் பின்னும் தள்ளிவிடும்.

அடுத்து, எது செத்தது, எது உறங்குகிறது என்று பிரிக்க வேண்டும். பழுப்பாக இருப்பதெல்லாம் செத்த புல் இல்லை. புல் பிழைக்குமா என்பதை, இலையும் வேரும் சேரும் இடத்தில் மண்ணை ஒட்டி இருக்கும் அடிக்குருத்துதான் சொல்லும். இலை முழுக்கக் கருகியிருந்தாலும் அடிக்குருத்து வெள்ளையாக, அழுத்தினால் கெட்டியாக இருந்தால் அது திரும்ப வரும். பழுப்பாகி நசநசவென்று இருந்தால் வராது. கத்தியால் நெடுக்காகப் பிளந்து பார்த்தாலே தெரியும், ஒரு கைக்கண்ணாடி இருந்தால் இன்னும் தெளிவு. சந்தேகம் இருந்தால் மோசமான திட்டில் ஒன்று, சுமாரான இடத்தில் ஒன்று, நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்று என்று கப் கட்டரால் துண்டுகள் எடுத்து, தொட்டியில் வைத்து, வெயில் வரும் ஜன்னல் ஓரத்தில் லேசாக நீர் விட்டு வையுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பச்சை எட்டிப் பார்க்கும், அல்லது பார்க்காது. எந்தத் துண்டு எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதி ஒட்டி வைப்பது முக்கியம். வெளியே இன்னும் குளிராக இருக்கும்போதே இந்தச் சோதனையை முடித்துவிட்டால், மண் சூடாகும் நேரத்துக்கு எவ்வளவு விதை வேண்டும், எத்தனை சதுர மீட்டருக்குப் புல் பாய் (மண்ணோடு பெயர்த்தெடுத்த புல் விரிப்பு) வேண்டும் என்ற கணக்கு கையில் இருக்கும். இந்த ஒரு வேலைக்காகவே சில மைதானங்களில் குளிர்காலம் முடியும் முன்னரே துண்டு எடுக்கிறார்கள். நல்ல பழக்கம்.

அப்புறம், எதனால் செத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், ஏனென்றால் காரணத்துக்கு ஏற்பத்தான் வைத்தியம் மாறும். திட்டின் வடிவமே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

பள்ளமான இடங்களிலும், தண்ணீர் வெளியேறும் விளிம்புகளிலும் மட்டும் புல் போயிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடிக்குருத்துக்குள் புகுந்த நீரை. குளிர்காலக் கடைசியில் இரண்டு மூன்று நாள் வெயில் அடித்துப் பனி உருகும். புல் விழித்துக்கொண்டு அந்த நீரை உறிஞ்சும். அதே வாரம் திடீரென்று கடுங்குளிர் திரும்பினால், ஃப்ரீசரில் வைத்த நிறைகுடுவை வெடிப்பது போல அடிக்குருத்தின் செல்கள் உள்ளே உறையும் நீரால் கிழிந்துபோகும். போவா அனுவா இதில் மிகவும் பலவீனம். கொஞ்சம் சூடு பட்டாலே குளிரைத் தாங்கும் சக்தியைச் சீக்கிரம் இழந்துவிடும். பென்ட் கிராஸ் அவ்வளவு சுலபத்தில் ஏமாறாது. அதனால்தான் கலப்புக் கிரீனில் போவா திட்டுகள் செத்து, நடுவே பென்ட் திட்டுகள் மட்டும் தீவுகள் போல நிற்கும்.

பனிக்கட்டி நீண்ட நாள் மூடிக் கிடந்தால் சாவு வேறு விதம். கட்டிக்கு அடியில் புல் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். மண்ணின் நுண்ணுயிர்களும் சேர்ந்து இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், வெளியேற வழியில்லாமல் நச்சு வாயுக்கள் சேரும். பனிக்கட்டியை உடைக்கும்போது புளித்த நாற்றம் அடித்தால் அதுதான் அடையாளம். போவா அனுவா ஏறக்குறைய 45 முதல் 60 நாள் வரை பனிக்கட்டிக்கு அடியில் தாங்கும் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. பென்ட் கிராஸ் 90 நாளைத் தாண்டி, சில சமயம் 120 நாள் வரையிலும் தாங்கிவிடும். அடுத்த குளிர்காலத்தில் பனிக்கட்டி படிந்த முதல் நாளைக் குறித்து வையுங்கள். அந்த எண்ணிக்கை இல்லாமல் எப்போது உடைப்பது என்று முடிவெடுக்க முடியாது.

மேடான, காற்று அடிக்கும் கிரீன்களில் புல் வைக்கோல் நிறத்தில் மொறமொறவென்று இருந்தால் அது வறட்சி. மண் உறைந்து வேர் நீர் எடுக்க முடியாமல் இருக்கும்போது காற்று இலையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு போயிருக்கும். வட்ட வட்டமாகச் சாம்பல் அல்லது இளஞ்சிவப்பு ஓரத்தோடு இலைகள் ஒட்டிக் கிடந்தால் பனிப்பூஞ்சை. இதில் இரண்டு வகை. டைஃபுலா என்ற சாம்பல் வகைக்கு நீண்ட நாள் பனி மூடிக் கிடக்க வேண்டும். அது பெரும்பாலும் இலையைத்தான் தின்னும், அடிக்குருத்து தப்பிவிடும். மைக்ரோடோக்கியம் என்ற இளஞ்சிவப்பு வகைக்குப் பனியே தேவையில்லை, ஈரமும் குளிரும் போதும். பனி போன பிறகும் வசந்த மழையில் அது பரவிக்கொண்டே இருக்கும், அடிக்குருத்தையும் கொல்லும். ஆகவே இளஞ்சிவப்பு தெரிந்தால் பூஞ்சைக்கொல்லி இப்போதே வேண்டும். சாம்பல் மட்டும் என்றால் ஒட்டிக் கிடக்கும் இலைகளை மெல்லிய வாரியால் கலைத்துக் காற்றோட்டம் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

காரணம் தெரிந்துவிட்டது, மண்ணும் மெல்லச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். இலை மட்டும் போன இடங்களை விட்டுவிடுங்கள், அவை தானே வரும். அடிக்குருத்தே போன இடங்களுக்கு விதையா, புல் பாயா என்று முடிவு செய்ய வேண்டும். என் தனிப்பட்ட கருத்து: திட்டு பெரிதாக இருந்து, கிரீனின் நடுவில், கொடி வைக்கும் பகுதியில் இருந்தால் புல் பாய் நல்லது. சிதறிய சின்னத் திட்டுகளுக்கு விதை போதும். ஆனால் புல் பாய் வாங்கும்போது அது எந்த மண்ணில் வளர்ந்தது என்று கேளுங்கள். மணலால் கட்டிய கிரீனின் மேல் களிமண்ணில் வளர்ந்த பாயை விரித்தால் நடுவில் ஓர் அடுக்கு உருவாகி, நீர் அங்கேயே தேங்கி, வேர் அதைத் தாண்டி இறங்காது. அந்த ஓர் அடுக்கைச் சரிசெய்யப் பல வருடம் துளையிட வேண்டியிருக்கும். சொந்த நாற்றங்கால் கிரீன் இருக்கும் மைதானங்கள் பாக்கியசாலிகள். இல்லாதவர்கள் பயிற்சி கிரீனின் ஓரத்திலிருந்தோ, கிரீன்களின் பின்புற விளிம்பிலிருந்தோ எடுத்து ஒட்டலாம். விளிம்பில் விழும் குறையைப் பந்து கண்டுகொள்ளாது.

விதைக்குப் பென்ட் கிராஸைத்தான் தேர்ந்தெடுங்கள். போவா செத்த இடம் பென்ட் கிராஸுக்குக் கிடைத்த வாய்ப்பு. ஒரு சிக்கல் என்னவென்றால், மண்ணுக்குள் ஏற்கெனவே போவா விதைகள் ஏராளமாகக் கிடக்கும், குளிர்ந்த மண்ணிலும் அவை முளைத்துவிடும். பென்ட் கிராஸ் விதைக்கு மண் 10 டிகிரியைத் தாண்டி நிலையாக நிற்க வேண்டும், 15-ஐ நெருங்கினால் வேகமெடுக்கும். நல்ல சூட்டில் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்தில் முளை தெரியும். குளிர்ந்த மண்ணில் மூன்று வாரமானாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அந்த இடைவெளியில் போவா முந்திக்கொள்ளும். முழுக்கத் தடுக்க முடியாது. பென்ட் நாற்றுகளுக்கு எவ்வளவு உதவ முடியுமோ அவ்வளவு உதவலாம், அவ்வளவுதான்.

பென்ட் விதை தூசி போல இருக்கும், ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேல். சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் போதும். அதிகம் போட்டால் நாற்றுகள் ஒன்றையொன்று நெருக்கி, மெலிந்து, அழுகல் நோய்க்கு இரையாகும். விதையை மேலே தூவிவிட்டு வந்தால் பறவைக்கும் காற்றுக்கும் போகும், மிச்சம் காய்ந்துபோகும். செத்த புல்லைப் பிடுங்கி எறிய வேண்டாம், அது நாற்றுக்கு நிழலும் பிடிமானமும் தரும். நெருக்கமான சிறு குத்துகளால் மேற்பரப்பைக் கீறி, விதையை இரண்டு திசையில் தூவி, மெல்லிய மணல் போட்டு, உருளையால் ஒருமுறை அழுத்துங்கள். ஆழம் 3 முதல் 6 மில்லிமீட்டர் போதும். குழிக்குள் விழும் விதைகள் ஈரத்திலும் கதகதப்பிலும் முதலில் முளைக்கும். முதல் வாரங்களில் பச்சைப் புள்ளிகளாகத்தான் தெரியும், பார்க்க அசிங்கமாக இருக்கும். அந்தக் குழி நாற்றுகள்தான் மிதியையும் தாங்கிப் பிழைப்பவை.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. வசந்தத்தில் ஒருபருவக் களைகளைத் தடுக்க முளைக்கும் முன் அடிக்கும் களைக்கொல்லிகள் உண்டு. கிராப் கிராஸ் என்ற களை மண் 13 டிகிரியை ஒட்டி நிலைத்ததும் முளைக்கத் தொடங்கும் என்பதால் பலர் அதற்கு முன்பே அடித்துவிடுவார்கள். அந்த மருந்துக்கு உங்கள் பென்ட் விதையும் களை விதையும் ஒன்றுதான். விதைக்கப் போகும் கிரீனிலும் ஓரத்திலும் அதை அடிக்காதீர்கள். ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள் என்றால் டப்பாவில் எழுதியுள்ள இடைவெளியைப் படியுங்கள். வாரங்கள் அல்ல, மாதக் கணக்கில் இருக்கும். அந்த நிலையில் புல் பாய்தான் வழி.

மண்ணைச் சூடாக்க நம் கையில் இருக்கும் நல்ல கருவி, காற்றும் நீரும் புகும் துணிப் போர்வை. அது மண்ணின் சூட்டைச் சில டிகிரி உயர்த்தி, இரவுக் குளிரிலிருந்து நாற்றைக் காக்கும். ஆனால் போர்வையைப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. தினமும் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமும் சூடும் சேர்ந்தால் பூஞ்சை ஓர் இரவிலேயே படரும். உயிரோடு இருக்கும் புல் அதற்குள் மளமளவென வளர்ந்து, வெளிறி, மென்மையாகிவிடும். திடீரென்று ஒரு நாள் போர்வையை எடுத்துவிட்டு அதன் மேல் உறைபனி விழுந்தால் உள்ளதும் போச்சு. வெட்டுவதற்காக இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுங்கள். கடைசியில் பகலில் எடுத்து இரவில் போட்டு ஒரு வாரம் பழக்கிய பிறகு முழுதாக விலக்குங்கள். பச்சை நிறமி அடித்தால் வெயிலின் சூடு கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், உறுப்பினர்களின் கண்ணுக்கும் ஆறுதல். செத்த புல்லை அது எழுப்பாது.

இனி யூரியா விஷயம். குழு உறுப்பினரின் ஆசை புரிகிறது, பச்சை சீக்கிரம் வரும். எந்த விலையில் என்பதுதான் கேள்வி. குளிர்காலம் முழுக்க அடிக்குருத்தில் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தில் புல் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டது. மிச்சம் இருப்பது வேர் விட வேண்டும். பென்ட், போவா போன்ற கூல் சீசன் (குளிர்ச்சியை விரும்பும்) புற்களின் வேர் மண் 10 முதல் 18 டிகிரிக்குள் இருக்கும்போது நன்றாக இறங்கும், இலைக்கு அதைவிடச் சூடு பிடிக்கும். அதாவது வசந்தத்தின் முதல் வாரங்கள் வேருக்கு உரியவை. அப்போது தழைச்சத்தைக் கொட்டினால் புல் வேரை விட்டுவிட்டு இலையைத் தள்ளும். வெட்டி வெட்டி நாம் களைத்துப் போவோம். வெயில் காலம் வந்ததும் வேரில்லாத புல் முதல் வெப்பத்திலேயே வாடும். வசந்தத்தில் பெற்ற பச்சைக்குக் கோடையில் கட்ட வேண்டிய கடன் அது.

உயிருள்ள பகுதிக்குச் சதுர மீட்டருக்கு 0.5 முதல் 1 கிராம் தழைச்சத்து வீதம், வாரம் ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ கரைத்துத் தெளிப்பது போதும். 500 சதுர மீட்டர் கிரீனுக்கு ஒரு கிராம் வீதம் என்றால் அரை கிலோ தழைச்சத்து. அமோனியம் சல்பேட்டில் 21 சதவீதம்தான் தழைச்சத்து என்பதால் சுமார் 2.4 கிலோ வேண்டும். யூரியாவில் 46 சதவீதம் என்பதால் 1.1 கிலோவுக்குள் முடியும். குளிர்ந்த மண்ணில் அமோனியம், நைட்ரேட் வடிவில் இருப்பவை உடனே கிடைக்கும். யூரியா மாறி வரக் கொஞ்சம் பிடிக்கும். நுண்ணுயிர் உடைத்துத் தர வேண்டிய இயற்கை உரங்கள் மண் சூடாகும்வரை கிட்டத்தட்ட அப்படியே கிடக்கும், பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் அவிழும். விதைத்த இடங்களுக்கு மட்டும் கை கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்: விதைக்கும்போது 2.5 கிராம் தழைச்சத்தும் கூடவே மணிச்சத்தும், முளைத்த பிறகு வாரா வாரம் சிறு அளவும். வேர் இன்னும் பரவாத நாற்றுக்குக் குளிர்ந்த மண்ணிலிருந்து மணிச்சத்து எடுப்பது கடினம் என்பதால் மண் பரிசோதனையில் போதுமானது என்று வந்திருந்தாலும் விதைப்புக்கு மேலே கொஞ்சம் தருவது பயன் தரும்.

நீர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாற்று முளைக்கும்வரை மேல் ஒரு சென்டிமீட்டர் காயக் கூடாது, பகலில் பல முறை சில நிமிடங்கள். முளைத்து இரண்டு மூன்று இலை வந்ததும் இடைவெளியைக் கூட்டுங்கள். பிரச்சினை என்னவென்றால் ஸ்ப்ரிங்க்ளர் ஓடினால் உயிருள்ள பகுதியும் சேர்ந்து நனைந்து நோய் வரும். ஆகவே குழாயைக் கையில் பிடித்துத் திட்டுகளுக்கு மட்டும் விடும் ஆளுக்கு இந்த மாதத்தில் பெரிய மதிப்பு. பாசனக் குழாய்களைக் குளிர்காலத்துக்குப் பின் முதன்முறை நிரப்பும்போது வால்வை மெல்லத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். வேகமாகத் திறந்தால் குழாய்க்குள் அடிக்கும் அதிர்ச்சியில் இணைப்புகள் விட்டுப் போகும். புல் வறண்டு நிற்கும் வேளையில் அந்தப் பழுது வரக் கூடாது.

வெட்டு உயரம். என்னைக் கேட்டால் வசந்த மீட்சியில் செலவே இல்லாத, பலன் அதிகமான மருந்து இதுதான். ஆட்டத்துக்கு 3 மில்லிமீட்டரை ஒட்டி வெட்டும் கிரீனை இப்போது 5-க்கு உயர்த்துங்கள், அடிபட்டவற்றை இன்னும் மேலே. இலை அதிகம் இருந்தால்தான் புல் உணவு தயாரித்து வேருக்கு அனுப்பும். புதிய நாற்றுகளை முதல்முறை 10 மில்லிமீட்டர் உயரத்தில், கத்தி நன்கு தீட்டிய, எடை குறைந்த கைத்தள்ளு இயந்திரத்தால், மேற்பரப்பு காய்ந்த பின் வெட்டுங்கள். மழுங்கிய கத்தி நாற்றை வேரோடு பிடுங்கிவிடும். பிறகு வாரத்துக்குக் கொஞ்சமாக இறக்கலாம். வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் தெளிப்புகளை, திட்டுகள் மூடும்வரை அந்தக் கிரீன்களில் நிறுத்தி வையுங்கள். பரவ வேண்டிய புல்லைப் பிடித்து நிறுத்துவதில் அர்த்தமில்லை.

கிரீன் வேகம், அதாவது பந்து உருளும் வேகம், குறைந்துவிடுமே என்பார்கள். உயரம் கூட்டிய, நன்றாக மூடிய கிரீன்களில் உருளை ஓட்டி ஓரளவு வேகத்தை மீட்கலாம், நாற்றுத் திட்டுகளை மட்டும் தவிர்த்து. வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டரை எட்வர்ட் ஸ்டிம்ப்சன் உருவாக்கியது 1935-இல். அந்த ஆண்டு ஓக்மாண்டில் நடந்த யு.எஸ். ஓபனில் கிரீன்களின் வேகத்தைப் பார்த்த பிறகு. அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. அதைத் திருத்தி 1970-களின் கடைசியில் மைதானங்களுக்குக் கொடுத்தபோது சொன்ன நோக்கம், ஒரு மைதானத்தின் கிரீன்கள் எல்லாம் ஒரே மாதிரி உருள வேண்டும் என்பது. எந்த மைதானம் அதிவேகம் என்ற போட்டியாக அது மாறியது பிற்பாடு. இந்த இரண்டு மாதம் அந்தக் கருவியை அறையில் பூட்டி வைக்கலாம்.

இனி உறுப்பினர்கள். உலகம் முழுக்க ஏப்ரலில் தொலைக்காட்சியில் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தைப் பார்த்துவிட்டு, நம் மைதானம் ஏன் இப்படி இல்லை என்று கேட்பார்கள். அகஸ்டாவில் ஃபேர்வே (ஆட்டம் தொடங்கும் இடத்துக்கும் கிரீனுக்கும் இடையிலான புல்வெளி) பச்சை என்பது உறங்கும் பெர்முடாவின் மேல் இலையுதிர் காலத்தில் விதைத்த ரை கிராஸ் என்ற குளிர்காலப் புல். கிரீன்களுக்கு அடியில் காற்றை இழுக்கவும் தள்ளவும் இயந்திரங்கள் ஓடுகின்றன. கோடை முழுக்க மைதானத்தை மூடிவிடுகிறார்கள். மறுபக்கம் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸைக் காட்டுங்கள். குளிர்கால மாதங்களில் ஃபேர்வேயில் சிறு பாயின் மேல் பந்தை வைத்து அடிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டமே கிடையாது. உலகப் புகழ்பெற்ற மைதானமே புல்லுக்கு ஓய்வு தருகிறது என்று எடுத்துச் சொன்னால் கேட்பார்கள்.

ஆகவே அடிபட்ட நான்கு கிரீன்களையும் மூடிவிட்டு, ஃபேர்வேயில் தற்காலிகக் கிரீன்கள் வெட்டுங்கள். அரைமனதோடு வெட்டாதீர்கள். இரண்டு மூன்று வாரம் முன்பே ஆரம்பித்து, படிப்படியாக உயரம் குறைத்து, மணல் தூவி, உருளை ஓட்டி, வழக்கத்தைவிடப் பெரிய குழி வைத்தால் ஆட்டக்காரர்கள் சண்டைக்கு வர மாட்டார்கள். மோசமான தற்காலிகக் கிரீனைப் பார்த்துத்தான் உண்மைக் கிரீனைத் திற என்ற நெருக்கடி வரும். தேதி கேட்பவர்களிடம் தேதிக்குப் பதிலாக நிபந்தனையைச் சொல்லுங்கள்: திட்டுகளில் மண் தெரியாமல் மூடி, நாற்று மூன்று நான்கு முறை வெட்டப்பட்டு, இழுத்தால் வராத அளவுக்கு வேர் பிடித்த பிறகு. விதைத்த நாளிலிருந்து நல்ல சூட்டில் ஆறு முதல் எட்டு வாரம் என்று தோராயமாக நினைத்துக்கொள்ளலாம்.

திறந்திருக்கும் கிரீன்களிலும் இரண்டு வேளைகளில் யாரும் கால் வைக்கக் கூடாது. ஒன்று, இலையில் உறைபனி இருக்கும் காலை. அப்போது மிதித்தால் உறைந்த செல்கள் நொறுங்கி, வெயில் ஏறியதும் காலடி காலடியாகக் கறுத்துத் தெரியும். இன்னொன்று யாரும் கவனிக்காதது: மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இளகி, அடியில் இன்னும் உறைந்திருக்கும் நாட்கள். மிதிக்கும்போது மேல் அடுக்கு நகரும், அடியில் பிடித்திருக்கும் வேர் அறுந்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. ஒரு மாதம் கழித்துக் காரணமே இல்லாமல் அந்தப் பகுதி வாடும். ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போய்த் திடீரென்று முட்டினால் அன்று ஆட்டம் இல்லை.

துளையிடும் யோசனை தவறில்லை, நேரம்தான் தவறு. உள்ளே குழலாக இருக்கும் டைன்களால் (துளையிடும் இயந்திரத்தின் முட்கள்) உருண்டை உருண்டையாக மண்ணை எடுத்தால் அந்தக் காயம் ஆற வளரும் புல் வேண்டும். வளராத புல்லில் போட்ட துளை வாரக்கணக்கில் திறந்தே கிடந்து ஓரங்கள் காயும், அந்த ஓட்டைகளில் முதலில் குடியேறுவது போவா. நல்ல கிரீன்களில் புல் ஒழுங்காக வளர்ந்து, வாரத்துக்கு மூன்று நான்கு முறை வெட்ட வேண்டிய நிலை வந்த பிறகு செய்யுங்கள். அடிபட்டவற்றில் இப்போதைக்கு மெல்லிய கெட்டி டைன்கள் போதும், காற்றும் நீரும் இறங்கும், மேற்பரப்பு கலையாது. பெரிய துளையிடலை இலையுதிர் கால ஆரம்பத்துக்குத் தள்ளிவையுங்கள், அப்போது பென்ட் கிராஸ் பலமாக இருக்கும்.

திட்டுகள் மூடுவதற்குள் ஒரு வேலை கட்டாயம் செய்யுங்கள். ஏதாவது உயரமான இடத்திலிருந்து ஒவ்வொரு கிரீனையும் படம் எடுத்து, செத்த இடங்களை வரைபடத்தில் குறியுங்கள். அதே கிரீனில் காலை, மதியம், மாலை நிழல் எங்கே விழுகிறது என்றும் குறியுங்கள். பல சமயம் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தும். காலை வெயிலை மறைக்கும் மரங்கள் பனிக்கட்டியை உருகவிடாமல் வைத்திருக்கும், இலையுதிர் காலத்தில் புல் குளிருக்குத் தயாராகத் தேவையான மாவுச்சத்தைச் சேர்க்கவிடாமலும் செய்யும். விளிம்பில் வருடா வருடம் மணல் சேர்ந்து வரம்பு கட்டியிருந்தால் உருகும் நீர் வெளியேறாமல் திரும்பக் கிரீனுக்குள் நிற்கும். ஒரு அடி அகலத்துக்குப் புல்லைச் சீவி, மண்ணைக் குறைத்து, அதே புல்லைத் திரும்பப் பதித்தால் நீருக்கு வழி கிடைத்துவிடும், அரை நாள் வேலை. மரம் வெட்டுவது பற்றிக் குழுவில் பேச இந்தப் படங்கள் போல வேறு எதுவும் உதவாது. பச்சை மூடிய பிறகு யாரும் நம்ப மாட்டார்கள்.

சரி, பெர்முடா கேள்வி. அது அருகம்புல் இனம், வெப்பத்தில் வாழ்வது, குளிரில் உறங்குவது. கணக்கு அங்கே தலைகீழ். 10 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் 18 டிகிரியை எட்டி, இரவுகளும் கதகதப்பாக நிலைத்த பிறகுதான் அது உண்மையில் எழுகிறது. அதற்கு முன் லேசாகப் பச்சை தெரியும்போதே உரம் போட்டால், பின்னால் வரும் ஒரு உறைபனியில் புதுத் துளிர் கருகும். துளிர்க்கச் செலவழித்த சேமிப்பு திரும்ப வராது. சில வருடங்களில் பச்சை திரும்பும் சமயத்தில் பழைய வேர்களில் பெரும்பகுதி செத்துப் புது வேர் விடுவதும் உண்டு, அந்தச் சில வாரங்கள் புல் பார்ப்பதைவிடப் பலவீனமாக இருக்கும். ஆக, பாதிக்கும் மேல் பச்சை வரும்வரை தழைச்சத்து வேண்டாம். முழுப் பச்சை வந்து வேகமாக வளரும்வரை துளையிடலும் செங்குத்து வெட்டும் (நிற்கும் கத்திகளால் புல்லைக் கீறுவது) வேண்டாம். குளிர்காலத்துக்கு ரை கிராஸ் விதைத்திருந்தால் அது வெயிலையும் நீரையும் பிடுங்கிக்கொண்டு பெர்முடாவை எழவிடாது. மண் சூடானதும் உயரம் குறைத்தோ, தகுந்த மருந்து அடித்தோ ரை கிராஸை விலக்க வேண்டும், தானாகப் போகட்டும் என்று காத்திருந்தால் கோடையில் இரண்டும் இல்லாத வெற்றிடம் மிஞ்சும். வட்டமான செத்த திட்டுகள் வருடா வருடம் ஒரே இடத்தில் வந்தால் அது ஸ்பிரிங் டெட் ஸ்பாட். பூஞ்சை வேரைத் தாக்கியது போன இலையுதிர் காலத்தில், ஆகவே இப்போது பூஞ்சைக்கொல்லி அடிப்பது வீண் செலவு. வெப்பம் வந்ததும் சுற்றியிருக்கும் ஓடுதண்டுகள் உள்ளே படர்ந்து மூடும். அவை மண்ணில் வேர் ஊன்றுவதை முளை தடுக்கும் களைக்கொல்லிகளில் சில தடுக்கும் என்பதால் அந்தத் திட்டுகளில் மட்டும் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பூஞ்சைக்கொல்லிக்கான பணத்தை இலையுதிர் காலத்துக்கு எடுத்து வையுங்கள்.